கரும்பலகையில் நான் எழுதிய பெயர்!

‘பேசியவர்கள்.’

கரும்பலகையின் வலது ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, மேலே இப்படித் தலைப்பு எழுதி, கையில் சாக்பீஸோடு வகுப்பை முறைத்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? இருந்தால், நீங்களும் என்னைப் போல ஒரு முன்னாள் கிளாஸ் லீடர். இல்லையென்றால், அந்தத் தலைப்புக்குக் கீழே உங்கள் பெயர் ஒருநாளாவது வந்திருக்கும். இந்த இரண்டில் ஒன்றாக இல்லாமல் நம் ஊரில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்தவர்கள் குறைவு.

ஒன்பதாம் வகுப்பில் நான்தான் லீடர். ஆசிரியர் வராத பீரியடில் வகுப்பைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒருமுறை பேசினால் பெயர். மறுபடியும் பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு 2. சில பையன்களுக்கு அது 7, 8 வரைகூடப் போகும். பெயரை அழிக்க லஞ்சமும் உண்டு. நெல்லிக்காய், கொடுக்காப்புளி, தேன்மிட்டாய். வாங்கிக்கொண்டு அழித்திருக்கிறேன். வாங்கித் தின்றுவிட்டு அழிக்காமலும் இருந்திருக்கிறேன்.

அந்த ஒரு வருடத்தில் நூற்றுக்கணக்கான பெயர்களை எழுதியிருப்பேன். எல்லாமே மறந்துவிட்டது. ஒரே ஒரு பெயர் மட்டும் முப்பது வருடங்கள் தாண்டியும் எனக்குள் அழியாமல் இருக்கிறது.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதியதே போதும்.

தண்டவாள மணி

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர். அப்போது திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி மாவட்டம். மொட்டை மாடியில் ஏறினால் மேற்குத் தொடர்ச்சி மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருக்கும். அந்தச் சாரல் எங்கள் ஊர் வரைக்கும் வரும். அதனால் எங்களுக்கு முதல் நாள் வகுப்பு என்றால் புதுப் புத்தக வாசனையும் ஈரச் சீருடை வாசனையும்தான்.

அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறிலிருந்து பத்து வரை. ஓடு போட்ட கட்டடம் ஒன்று, கான்கிரீட் கட்டடம் ஒன்று, நடுவில் வேப்பமரம். மரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் மணி. மதியம் மீட்டர் கேஜ் பாசஞ்சர் ரயில் கூவிக்கொண்டு போனால், ‘இன்னும் ஒரு பீரியடுதான் பாக்கி’ என்று கடிகாரம் பார்க்காமலே சொல்லிவிடுவோம்.

காலையில் பிரேயர். தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், அதற்கு விளக்கம், பிறகு செய்தி வாசிப்பு. செய்தி வாசிக்கும் முறை யாருக்கு வருகிறதோ, அவர் அன்று காலையில் டீக்கடை வாசலில் நின்று பேப்பரைப் பார்த்து நாலு வரி எழுதிக்கொண்டு வர வேண்டும். 1991-ல் நாங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தோம். அந்த ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டில் புது ஆட்சி, டெல்லியிலும் புது ஆட்சி. ‘அமைச்சரவை’ என்ற வார்த்தையைத் திக்காமல் வாசிப்பதுதான் எங்களுக்கு அப்போது பெரிய சவால்.

பள்ளிக்கு ஒரே ஒரு பியூன். ஆகவே மீதி வேலையெல்லாம் பிள்ளைகளுக்கு. பானையில் தண்ணீர் நிரப்புவது, அட்டெண்டன்ஸ் நோட்டு எடுத்து வருவது, அலமாரியிலிருந்து உலக வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து ஆணியில் மாட்டுவது, செடிக்கு நீர் ஊற்றுவது, வராந்தா பலகையில் தினம் ஒரு குறள் எழுதுவது என்று எல்லாவற்றுக்கும் அடிதடி போட்டி நடக்கும். ‘சார், நான் சார்… டீச்சர், நான் டீச்சர்’ என்று எழுந்து குதிப்பவர்களுக்குத்தான் வேலை கிடைக்கும். சும்மா உட்கார்ந்திருப்பவர்களை யாரும் கேட்டதில்லை.

அவள் சும்மா உட்கார்ந்திருந்தவள்.

‘தூங்கியவர்கள்’

கடைசி பெஞ்ச், ஜன்னலோரம். யாரோடும் சண்டை இல்லை. பேசவும் மாட்டாள். அதனால் என் பட்டியலில் அவள் வந்ததே இல்லை. மதியம் சத்துணவு வரிசையில் நிற்பாள். 1982-ல் எம்.ஜி.ஆர் தொடங்கிய சத்துணவுத் திட்டம், 1984-ல்தான் எங்களைப் போன்ற பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் வந்தது. சோறும் சாம்பாரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முட்டை. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவரும் நாங்கள் சிலர் வேப்பமரத்துக்கு ஒரு பக்கம் உட்காருவோம். தட்டு ஏந்துகிறவர்கள் மறு பக்கம். யாரும் போட்டுக்கொடுத்த எல்லை இல்லை. ஆனால் அது இருந்தது.

சாப்பிட்டு வந்ததும் அவள் தூங்கிவிடுவாள். டெஸ்க்கில் தலை சாய்த்து, கையை நெற்றிக்கு அணைகொடுத்து, ஐந்தாவது பீரியடு முழுவதும். விரல் நுனிகள் எப்போதும் பழுப்பேறி இருக்கும். பக்கத்தில் போனால் புகையிலை வாசனை வரும். ‘பீடி வாசம்’ என்று சிலர் மூக்கைப் பொத்துவார்கள். நானும் பொத்தியிருக்கிறேன்.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் ஐந்தாவது பீரியடுக்கு ஆசிரியர் வரவில்லை. அன்று வகுப்பு அதிசயமாக அமைதியாக இருந்தது. எழுத ஒரு பெயர்கூட இல்லை. வெறும் பலகையைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. லீடர் வேலையே பார்க்கவில்லை என்று நினைத்துவிடுவார்களோ! கண்ணைச் சுழற்றினேன். கடைசி பெஞ்சில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

‘பேசியவர்கள்’ என்பதை அழித்தேன். ‘தூங்கியவர்கள்’ என்று எழுதி, கீழே அவள் பெயரை எழுதினேன்.

வகுப்பே சிரித்தது. புதுத் தலைப்பு கண்டுபிடித்த பெருமையில் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புச் சத்தத்தில்தான் அவள் விழித்தாள். அடுத்த பீரியடுக்கு வந்த சமூகவியல் சார் பலகையைப் பார்த்தார்.

“யாரும்மா அது? தூங்குறதுக்குத்தான் பள்ளிக்கூடம் வாறியா? வெளிய போய் நில்லு, தூக்கம் போவும்.”

வராந்தாவில் நின்றாள். எதிரில் மைதானம். பி.டி பீரியடில் இருந்த பத்தாம் வகுப்புப் பையன்கள் முழுப்பேரும் பார்க்கும்படி, மணி அடிக்கும் வரை நின்றாள். அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பலகையை மட்டும் ஒருமுறை பார்த்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் ஓடிவிட்டது.

சுளகும் ஒரு கேள்வியும்

எங்கள் வகுப்பாசிரியர் தமிழ் டீச்சர். சனிக்கிழமை அட்டெண்டன்ஸ் எடுத்தவர், நோட்டை மூடாமல் என்னைக் கூப்பிட்டார். “இந்தப் பிள்ள ஏன் ஆறு நாளா வரல? லீடருதானே நீ? போய்ப் பாத்துட்டு வா.”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. துணைக்கு ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனேன். அந்தத் தெருவில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் என்று எங்கள் பக்கம் முழுக்க அப்போதும் சரி, இப்போதும் சரி, வயல் வேலை இல்லாத நாளில் அடுப்பு எரிவது பீடியால்தான்.

அவளும் சுளகோடுதான் உட்கார்ந்திருந்தாள். ஈரத்துணியில் சுற்றிய இலையை எடுப்பது, தகடு வைத்து அளவாகக் கத்தரிப்பது, புகையிலைத் தூளை வைத்துச் சுருட்டுவது, முனையை நகத்தால் மடக்குவது, நூல் சுற்றுவது. நாங்கள் வாசலில் நின்ற நேரத்துக்குள் ஏழெட்டு பீடி முடித்திருப்பாள். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. உள்ளே பாயில் அவள் அம்மா படுத்திருந்தார்.

“அம்மைக்கு ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில ஆப்ரேசன் பண்ணிருக்கு. ரெண்டு மாசம் உக்காந்து வேல பாக்கக் கூடாதாம். கடையில கணக்குக் குடுக்காம இருந்தா கார்டு போயிரும். அதான் நான் சுத்துதேன்” என்றாள்.

ஆயிரம் பீடி சுற்ற, கை பழகிய பெரியவர்களுக்கே ஒரு நாள் முழுக்க வேண்டும். பள்ளி விட்டு வந்து விளக்கு வைத்ததும் உட்கார்ந்தால், அறுநூறு முடிய நடுராத்திரி தாண்டிவிடுமாம். காலையில் இலை வெட்டிவைத்துவிட்டு, கடைக்குக் கட்டுகளைக் கொடுத்துவிட்டு, பிறகுதான் பள்ளிக்கூடம். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைப் பீடி வேலையில் வைக்கக் கூடாது என்று 1986-ல் வந்த சட்டம் சொன்னது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து செய்கிற வேலைக்கு அதிலேயே விலக்கும் இருந்தது. எங்கள் ஊர்த் திண்ணைகள் எல்லாம் அந்த விலக்கில் அடங்கிவிட்டன என்பது பின்னாளில் எனக்குப் புரிந்தது. அன்றைக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் ஏன் தூங்கினாள் என்பது.

பாயில் இருந்த அம்மா மெதுவாகத் தலையைத் தூக்கினார். “யாரு தாயி?”

“எங்க கிளாஸ் லீடரும்மா” என்றாள் அவள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. லீடரே வீடு தேடி வந்திருக்கிறாளே! “ஏ, பிள்ளையளுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடு” என்றவர், என்னைப் பார்த்துக் கேட்டார். “எம் மவ வகுப்புல எப்பிடித் தாயி இருக்கா? நல்லாப் படிக்காளா?”

அவள் கை நின்றது. என்னைப் பார்த்தாள். அந்த ஒரு வாரத்தில் அப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்க்கிறாள்.

“நல்லாப் படிக்காம்மா” என்றேன்.

அவள் குனிந்து மறுபடி நூல் சுற்ற ஆரம்பித்தாள். கருப்பட்டிக் காப்பி வந்தது. தொண்டையில் இறங்கவில்லை.

தலைப்பு மாறியது

திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் ஆபரேஷன், அறுநூறு பீடி, நடுராத்திரி என்று வரிசையாகச் சொல்லி முடித்து, கடைசியில் பலகையில் எழுதியதையும் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தலைப்பு என்னன்னு எழுதினே?”

“தூங்கியவர்கள்னு டீச்சர்.”

“எத்தன பேரு தூங்கினாங்க?”

“ஒருத்திதான் டீச்சர்.”

“ஒருத்திக்கு எதுக்கு ‘கள்’?”

தமிழ் டீச்சர் கேட்ட இலக்கணக் கேள்விகளிலேயே என்னால் இன்றுவரை பதில் சொல்ல முடியாத கேள்வி அது.

டீச்சர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல், திருத்த வைத்திருந்த கட்டுரை நோட்டுகளிலிருந்து ஒன்றை உருவி என் முன்னால் விரித்தார். அவளுடைய நோட்டு. ஒவ்வோர் எழுத்தும் அச்சடித்தது போல இருந்தது. சுழி சுழியாக, கோட்டைத் தொட்டும் தொடாமலும் வரிசை பிசகாமல் நின்றது. மூன்று மாதமாக ஒரே வகுப்பில் இருந்தும் நான் அவள் கையெழுத்தைப் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் டீச்சரே அவள் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று தெரியாது. புதன்கிழமை அவள் வந்துவிட்டாள். வராந்தாவில் குறள் எழுதும் வேலை அதுவரை பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவரிடம் இருந்தது. அன்றிலிருந்து அது அவளுக்கு வந்தது.

அதைப் பெரிய விஷயமாக அப்போது நான் நினைக்கவில்லை. இப்போது யோசித்தால், அந்த டீச்சர் எவ்வளவு தெளிவாகக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று தெரிகிறது. ‘தினமும் பள்ளிக்கு வா’ என்று அவளிடம் சொல்லியிருந்தால், தலையாட்டியிருப்பாள். ரெண்டு நாள் வந்துவிட்டு நின்றிருப்பாள். ஆனால் முந்நூறு பிள்ளைகள் பிரேயருக்கு வரும்போது வராந்தாப் பலகை காலியாக இருந்தால், அவள் வரவில்லை என்று பள்ளிக்கே தெரிந்துவிடும். பாடம் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அந்தப் பலகை காத்திருந்தது. மணி அடிக்கக் கால் மணி நேரம் முன்னதாகவே வந்து, பழைய குறளை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதுக் குறளை எழுதுவாள். சமூகவியல் சாரே ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, “யாரு எழுதினது? நீயா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்னும் இரண்டு ஏற்பாடுகள் நடந்தன. மதியம் சாப்பிட்டதும் அவள் தலை சாய்த்துக்கொள்ளலாம். மணி அடிக்கும் வரை யாரும் எழுப்பக் கூடாது. மணி அடித்ததும் எழுப்பிவிடுவது என் பொறுப்பு. மற்றொன்று, பீடித் தொழிலாளர் நல நிதியிலிருந்து பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கல்வி உதவித்தொகை. அந்த நிதிக்கு 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் படிவத்தை நிரப்பி, அம்மாவின் அடையாள அட்டை விவரம் சேர்த்து, தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கி அனுப்ப யாராவது உட்கார வேண்டுமே! டீச்சர் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தார். எங்கள் வகுப்பில் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள் யார் யார் என்று எழுந்து நிற்கச் சொன்னபோது, பாதி வகுப்பு எழுந்து நின்றது. மூக்கைப் பொத்தியவர்களில் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள்.

என் வேலையும் மாறியது. “இனிமே பேசினவங்க பேரு வேண்டாம். பிள்ளைங்கன்னா பேசத்தான் செய்யும். வராதவங்க பேர எழுது. பக்கத்துல ஏன் வரலன்னும் எழுதணும். தெரியலன்னா போய்க் கேட்டுட்டு வந்து எழுது” என்றார் டீச்சர்.

அந்தப் பட்டியல்தான் எனக்கு ஊரைக் கற்றுக்கொடுத்தது. ஒருவனுக்கு அம்மை போட்டிருந்தது. ஒருத்தி வீட்டில் நடவு, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒருவனுடைய ஒரே சீருடை மழையில் காயவில்லை. ஒருவன் மட்டும் குற்றாலத்தில் குளித்துவிட்டுக் காய்ச்சல் என்று பொய் சொல்லியிருந்தான். ‘வரவில்லை’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் இத்தனை வீடுகள் இருக்கின்றன என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

முப்பத்தெட்டு மார்க்

பத்தாம் வகுப்பில் அவளும் நானும் ஒரே பெஞ்ச். அவளுக்குத் தமிழ் வெல்லம், கணக்கு விஷம். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது கணக்கு சார் சாயங்காலம் ஏழு மணி வரை பள்ளியிலேயே ஸ்டடி வைத்தார். அவளால் ஆறு மணிக்கு மேல் இருக்க முடியாது, சுளகு காத்திருக்கும். நான் ஏழு மணிக்குக் கிளம்பி, அன்று போட்ட கணக்குகளை அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மறுபடி போடுவேன். அவள் கை பீடியைச் சுற்றிக்கொண்டே இருக்கும், கண் என் சிலேட்டில் இருக்கும். எனக்கும் அந்தக் கணக்குகள் அப்போதுதான் ஒழுங்காகப் புரிந்தன. ஒருநாள், “ஒரு கட்டாவது நான் சுத்தட்டுமா?” என்று கேட்டேன். நான் சுற்றியதைப் பார்த்துவிட்டு, “இதக் கொண்டு போனா கடைக்காரர் கழிச்சுப் போட்டுருவாரு” என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

ரிசல்ட் அன்று பேப்பரில் நம்பர் தேடிய தலைமுறை நாங்கள். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரே பேப்பரை இருபது பேர் இழுத்தோம். அவள் நம்பர் இருந்தது. மார்க் ஷீட் வந்தபோது பார்த்தால் கணக்கில் 38. முப்பத்தைந்துக்கு மூன்றுதான் கூட. அந்த மூன்று மார்க்கை அவள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் கதை அங்கே சுபமாக முடியவில்லை. எங்கள் பள்ளி பத்தோடு முடிந்துவிடும். பிளஸ் ஒன் படிக்க ரயில் ஏறி அம்பாசமுத்திரம் போக வேண்டும். நான் போனேன். அவளை அனுப்பவில்லை. காலை பாசஞ்சர் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது அவள் வீட்டுத் திண்ணை தெரியும். முதல் சில மாதம் சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கை காட்டுவாள். பிறகு குனிந்தபடியே இருந்தாள். நான் காலேஜ், வேலை, கல்யாணம், மதுரை என்று போய்விட்டேன். அவள் கல்யாணத்துக்கு வந்த பத்திரிகைக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியதோடு சரி. ஒரு ‘மன்னிச்சிரு’ மட்டும் சொல்லப்படாமலே இருந்தது.

அதே எழுத்து

கடந்த ஜூனில் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பேத்தியை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், ‘நீயும் கூடப் போயிட்டு வா’ என்றார் அம்மா. அகல ரயில் பாதை வந்துவிட்டது. பள்ளியும் இப்போது மேல்நிலைப் பள்ளி. பிளஸ் டூ வரை இருக்கிறது என்ற பெயர்ப் பலகையைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். இது கொஞ்சம் முன்னால் வந்திருந்தால்…

வேப்பமரம் அப்படியே இருந்தது. மணி மட்டும் கரன்ட் மணி. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். சத்துணவுக் கூடத்தின் சுவரில் ஒரு பலகை. ‘திங்கள்: காய்கறி பிரியாணி, மிளகு முட்டை. இன்று உண்போர்…’ அதற்குப் பக்கத்தில் ஒரு எண். எண்ணைப் படிக்கவில்லை நான். எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். சுழி சுழியாக, கோட்டைத் தொட்டும் தொடாமலும்.

“யாரு? உள்ள வாங்க” என்று குரல் கேட்டது. திரும்பினேன். நரைத்த தலை, காட்டன் சேலை, கையில் பதிவேடு. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏட்டி, லீடரா?”

சத்துணவு அமைப்பாளராகப் பதினைந்து வருடம் ஆகிறதாம். “அந்த வேலைக்குப் பத்தாவது பாஸாயிருக்கணும்னாவ. முப்பத்தெட்டு மார்க் இருக்கேன்னு எழுதிப் போட்டேன்” என்றாள். வேலை கிடைக்கும் வரை பீடிதான். ஒரு மகள், நர்ஸிங் முடித்துத் திருநெல்வேலியில் வேலை பார்க்கிறாள். அம்மா போய் எட்டு வருடமாகிறது. நம் தமிழ் டீச்சரும் இப்போது இல்லை.

பேசிக்கொண்டே இருந்தபோது சொல்லிவிட்டேன். “அன்னைக்குப் போர்டுல உன் பேர எழுதினேனே… அதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னு இத்தன வருசமா…”

அவள் பதிவேட்டை மூடினாள். மறந்துபோச்சு என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லிவிட்டால் எனக்கு எளிது.

“நல்லா ஞாபகம் இருக்கு. என் பேர்ல மூணு சுழி ‘ண’ வரணும். நீ ரெண்டு சுழி போட்டிருந்தே. வெளிய நிக்கும்போது அதான் எனக்கு ரொம்ப வலிச்சுது. எழுதினதுதான் எழுதினா, பேர ஒழுங்கா எழுதக் கூடாதான்னு.”

இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. அவள் பார்க்காதது போல எழுந்து, கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு தட்டையும் பார்த்தாள். ஒரு பையனிடம், “உன் கூட்டாளி எங்கல? ரெண்டு நாளா சாப்பிட வரல” என்று கேட்டு, பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டாள். “இதெல்லாம் நம்ம வேலையில்ல. ஆனா சாப்பாட்டுக்கு வராத பிள்ளைய வாத்தியாருக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிரும். டீச்சர்மாருகிட்ட சொல்லிருவேன்” என்றாள். எட்டிப் பார்த்தேன். பெயர், பக்கத்தில் காரணம். ‘வராதவர்கள்’ பட்டியல்!

கிளம்பும்போது வராந்தா வழியாக வந்தோம். தூணில் சாய்ந்து ஒரு சின்னப் பையன், கழுவிய தட்டை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிப்போயிருந்தான். “தம்பி, பெல் அடிச்சிரும்…” என்று நான் குனிந்தேன்.

அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எழுப்பாத. பெல்லடிக்க இன்னும் பத்து நிமிசம் இருக்கு. தூங்கட்டும்.”